நான்காவது படி

கல்வித்துறை ஆய்வேடுகளைப் புரட்டுவோர் கண்ணில் ‘தியாகராஜன், 1974’ என்னும் குறிப்பு அடிக்கடி படும். இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களில் பயிற்சி ஏடு, பாடத்தொகுதி, கணினிப் பாடம் முதலியவற்றை உருவாக்கிப் பட்டம் பெற முயலும் மாணவர் பலர், அந்தப் பெயரையும் ஆண்டையும் எழுதாமல் தங்கள் ஆய்வு நெறியை விளக்குவதில்லை. மலேசிய ஆய்வேடுகளிலும் அக்குறிப்பு அரிதன்று. அப்பெயருக்கு உரியவர் சென்னையில் பிறந்த தமிழர் என்பதும், உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவர் என்பதும் தமிழாசிரியர் பலருக்குத் தெரியா. தெரியாமற்போனதில் குற்றமில்லை. அவரது நூலை மேற்கோள் காட்டுவோர் அதன் உட்கருத்தை ஏற்றுக்கொண்டு காட்டுகிறார்களா, அன்றிச் சடங்காகக் காட்டுகிறார்களா என்பதே ஆராயத்தக்கது.

சிவசைலம் தியாகராஜன் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், கற்பித்தலை முறைப்பட வடிவமைக்கும் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த டக்ளஸ் எல்சன் 1960களில் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். ஸ்கின்னர் முதலியோர் கற்பிக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எல்சனோ இயந்திரத்தை விட்டுவிட்டு, கற்றுக்கொடுக்கும் ஆளுக்கே படிப்படியான நெறியை எழுதிக் கொடுத்தார். பிள்ளை சரியாகப் படித்தால் இன்னது செய். தவறினால் இன்ன குறிப்புக் கொடு. அதற்கும் தவறினால் இன்னது சொல் என்பன போன்ற சிறு சிறு விதிகள் அவை. பயிற்சி பெறாதவர்கூட அவற்றைக் கொண்டு ஒரு குழந்தைக்கு வாசிப்புக் கற்பிக்கலாம். தியாகராஜனின் பிற்காலச் சிந்தனை முழுவதும் இந்த வேரிலிருந்து கிளைத்தது என்று கொள்ள இடமுண்டு.

1974ஆம் ஆண்டு நூலைத் தியாகராஜன் தனித்து எழுதவில்லை. டாரதி செம்மல், மெல்வின் செம்மல் ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்து எழுதினர். (செம்மல் என்பது அவர்களுடைய குடும்பப் பெயர், தமிழ்ப் பட்டமன்று.) கற்றல் கருவி ஒன்றை உருவாக்குவதற்கு நான்கு படிகளை அந்நூல் வகுக்கிறது. ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மாணவர்க்கு மனப்பாடம் செய்ய எளிதாயிற்று. தமிழிலும் மோனை அமைய வரையறுத்தல், வடிவமைத்தல், வளர்த்தெடுத்தல், வழங்கல் என்று பெயரிடலாம். முதற்படியில், என்ன குறை இருக்கிறது, கற்போர் யார், அவர் செய்யவேண்டிய வேலை எது, அதனுள் அடங்கிய கருத்துகள் எவை என்பனவற்றைப் பகுத்து நோக்கம் குறிக்கப்படும். இரண்டாம் படியில் சோதனைத் தாள், சாதனம், அமைப்பு ஆகியவை தெரிந்தெடுக்கப்பட்டு முதல் வரைவு எழுதப்படும். மூன்றாம் படிக்கு இரண்டு பகுதிகள் உண்டு: துறையறிந்தோர் பார்த்துக் குறை சொல்லுதல் ஒன்று, கற்போரிடம் கொடுத்துப் பார்த்து, அவர்கள் இடறும் இடங்களைத் திருத்தித் திருத்தி எழுதுதல் மற்றொன்று. நான்காம் படியில் அக்கருவி பிற இடங்களிலும் பயன்படுகிறதா என்று சோதித்து, கட்டி, அனுப்பி, பிறர் அதைக் கைக்கொள்ளுமாறு செய்தல் வேண்டும்.

வழங்கல் என்னும் சொல் ஈண்டுப் பொருத்தமாக வந்து விழுந்திருக்கிறது. அதற்குக் கொடுத்தல் என்பதும் ஒரு பொருள். ‘இச்சொல் இவ்வூரில் வழங்குகிறது’ என்னும்போது மக்களிடையே பயிலுதல் என்பதும் ஒரு பொருள். நூலாசிரியர்கள் கருதியதும் இவ்விரண்டுமேயாம். அச்சிட்டுக் கொடுத்துவிடுவது மட்டும் நான்காம் படி ஆகிவிடாது.

இனி, இந்நூல் கையாளப்படும் விதத்தைப் பார்க்கலாம். முதலாவதாக, இது சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென எழுதப்பட்ட நூல். ‘கற்போர்’ என்று இந்நூல் கூறுமிடத்துப் பெரும்பாலும் குறிக்கப்படுவோர் பயிற்சி பெறும் ஆசிரியர்களே. ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிப்பு ஏடு எழுதுகிறவர் இந்நெறியை எடுத்தாளக் கூடாது என்பதில்லை. ஆனால் எடுத்தாளும்போது, முதிர்ந்தோர்க்கு வகுத்த ஒன்று குழந்தைக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியையாவது எழுப்பவேண்டும். அக்கேள்வியை எழுப்பும் ஆய்வேடு அரிது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. மூன்றாம் படியின் இரு பகுதிகளுள் துறையறிந்தோர் கருத்துப் பெருகிவிட்டது. பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பது சுருங்கிவிட்டது. அறிஞர் ஐவரிடமோ பதின்மரிடமோ வினாப்படிவம் கொடுத்து, அவர்கள் இட்ட மதிப்பெண்களைக் கூட்டிச் சதவிகிதம் கண்டு, ‘இத்தொகுதி தகுதி வாய்ந்தது’ என்று முடிவு கூறிவிடுகிறார்கள். மலேசியாவில் அண்மைக் காலத்தில் ஃபஸி டெல்ஃபை என்னும் முறை செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அறிஞர் குழுவின் இசைவை நுட்பமான கணக்கால் அளப்பது அது. அறிஞர்கள் ஒன்றுபட்டார்கள் என்பதைக் காட்ட அம்முறை உதவும். அவர்கள் ஒன்றுபட்டுவிட்டதனால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அப்பாடத்தைத் தானே படித்து விளங்கிக்கொள்வாள் என்று காட்ட அதனால் இயலாது. ஆடையின் அளவைத் தையற்காரர் பதின்மர் சரியென்று ஒப்பினாலும் போட்டுக்கொள்ளும் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

நான்காம் படிக்கு நேர்ந்த கதியோ வெளிப்படையானது. காலமும் பணமும் போதா என்று ஒரு வரி எழுதி, ‘இவ்வாய்வு மூன்றாம் படியோடு நிறுத்திக்கொள்ளப்பட்டது’ என்று இந்தோனேசிய ஆய்வேடுகள் பல முடிந்துவிடுகின்றன. நான்கு படி நெறி மூன்று படி நெறியாகக் குறைந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்ற அளவில் அது நேர்மைதான். ஆயினும் நூலகத்து அலமாரியில் தொகுதி தங்கிவிடுகிறது.

இவை ஏட்டுப் பிணக்குகள் என்று தள்ளிவிடுவதற்கில்லை. புஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கல்விப் புலம் இருக்கிறது. அங்கிருந்து கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டங்கள் தொலைவில் இல்லை. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றிப் பால்மரமும் பின்னர்ச் செம்பனையும் வளர்ந்த காலத்தில் எழுந்த தமிழ்ப் பள்ளிகள் பல. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் வழி நிலைபெற்றவை அவை. குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தபின் மாணாக்கர் தொகை குன்றியது. 150 பேருக்குக் குறைந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படும். மிகவும் குறைந்தால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்தவேண்டி வரும். கரும்பலகையின் நடுவே கோடிழுத்து இடப்பக்கம் மூன்றாம் ஆண்டு, வலப்பக்கம் நான்காம் ஆண்டு என்று எழுதும் ஆசிரியர், ஒரு பாதிக்குப் பேசும்போது மறுபாதிக்கு என்ன வேலை கொடுப்பது? பிள்ளைகள் தாமே படித்துக்கொள்ளத்தக்க, இடறினால் தாமே எழுந்துகொள்ளத்தக்க பாடத்தொகுதி அத்தகைய வகுப்புக்கு அன்றாட அரிசி போன்றது.

இத்தேவையைத் தியாகராஜன் அறிந்திருந்தார் என்பதற்கு அவர் ஆப்பிரிக்காவில் செய்த வேலையே சான்று. 1970களின் இறுதியில் லைபீரியா நாட்டில் அமெரிக்க உதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. போதிய பயிற்சியில்லாத ஆசிரியர்கள், நூல்கள் இல்லாத பள்ளிகள், ஒரே அறையில் பல வகுப்புகள் என்பது அங்கிருந்த நிலை. கீழ்வகுப்புகளுக்கு ஆசிரியர் சொல்லவேண்டியதை வரிவரியாக எழுதிக் கொடுத்தார்கள். மேல்வகுப்புகளில் பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, தங்களுள் ஒருவர் வழிநடத்தத் தொகுதிகளைப் படித்தார்கள். தென்கிழக்காசியக் கல்வியமைச்சர்கள் அமைப்பின் சார்பில் பிலிப்பைன்ஸில் முன்னரே முளைத்திருந்த ஒரு முயற்சியின் உறவு அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘இன்ஸ்பயர்’ என்னும் திட்டம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. இந்த ஆறு நாட்டு முயற்சிகளையும் ஒருங்கே ஆராய்ந்து வில்லியம் கம்மிங்ஸ் 1986இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். மலேசிய முயற்சி நாடெங்கும் பரவும் முறையாக ஆகவில்லை. 1983இல் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தது. பின்னர் ‘இன்ஸ்பயர்’ என்ற பெயரே பலருக்கு மறந்துபோயிற்று. நான்காம் படியில் வழுக்கிய கதைகளுள் இதுவும் ஒன்று.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. சென்னை ஆண்கள் அநாதை இல்லத்தில் 1789 முதல் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திற்குக் கொண்டுவந்தார். எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு மற்றவர்க்கு எழுத்துக் கற்பித்துப் பார்த்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அம்முறை ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. மணல், விரல், மூத்த பிள்ளை ஆகிய மூன்றில் விலை கொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை.

தியாகராஜனும் அய்டா பசிக்னாவும் 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சார்ந்த ஒரு திட்டத்திற்காக எழுதிய ஆய்வுரையில் இத்தகையவற்றை ‘மென் நுட்பங்கள்’ என்று அழைத்தார்கள். கருவி வன்மையானது, அதைச் சுற்றி மனிதர் இயங்கும் ஒழுங்கு மென்மையானது. மலேசியப் பள்ளிகளுக்கு வன்மையானவை வேண்டுமளவு வந்திருக்கின்றன. 1997இல் மதிநுட்பப் பள்ளித் திட்டம். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது மடிக்கணினியும் புரொஜெக்டரும். 2012 முதல் ‘ஃப்ராக்’ என்னும் இணையக் கற்றல் தளம். அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கூறியது. 2019இல் கல்வியமைச்சு வேறு தளத்திற்கு மாறிற்று. இவற்றை வாங்கியவர்கள் முதற்படியில் கேட்கவேண்டிய ‘கற்போர் யார்?’ என்ற கேள்வியை எந்த அளவுக்குக் கேட்டார்கள் என்பது அவ்வறிக்கையைப் படிப்போர்க்கு ஐயத்தை உண்டாக்கும்.

தியாகராஜனிடமும் குறை இல்லாமலில்லை. ஆசிரியர் பேசவேண்டிய ஒவ்வொரு வரியையும் எழுதிக் கொடுப்பது, பயிற்சியில்லாதவருக்குக் கைத்தடியாகும். பயிற்சி பெற்றவருக்குத் தளையாகும். நாளடைவில் ஆசிரியரை ஒப்புவிப்பவராக்கிவிடும் அபாயம் அதில் உண்டு. மேலும் அவர் பின்னாளில் பள்ளிகளைவிட நிறுவனங்களின் ஊழியர் பயிற்சியிலேயே மிகுதியாக ஈடுபட்டு, படிகளைச் சுருக்கி விரைந்து வடிவமைக்கும் வழிகளைப் போதித்தார். வேலை தெரிந்த பெரியவர்கள் குறைபட்ட பாடத்தையும் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அந்தத் துணை இல்லை. ஆகவே அவருடைய சுருக்கு வழிகளை அப்படியே தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவருதல் தகாது.

ஆனால் ஒன்றில் அவரை மெச்சவேண்டும். நான்கு படி நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1976இல், அத்துறைச் சஞ்சிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘காப்பாற்றுங்கள், வடிவமைப்பு நெறி ஒன்றினுள் சிக்கிக்கொண்டேன்!’ என்னும் பொருள்படுவது. முறைப்பட்ட அணுகுமுறைக்கு மாற்று வழிகளைத் தேடுவது அக்கட்டுரை. நெறியை வகுத்தவரே அதன் சிறையைக் கண்டு கூவியிருக்க, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சிறையின் அறைகளை எண்ணி எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1974ஐ மேற்கோள் காட்டுவோரில் 1976ஐயும் காட்டுவோர் எத்தனை பேர்?

அவரது படைப்புகளுள் தோட்டப் பள்ளி ஆசிரியர் அறியவேண்டியது வேறொன்று உண்டு. லைபீரியாவின் பார்ங்கா நகரில் 1980இல் அவரும் உடன் பணிபுரிந்தோரும் ஒரு சீட்டாட்டம் ஆட முயன்றார்கள். விதிகளை எல்லாரும் படித்திருந்தும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்திலிருந்து ‘பார்ங்கா’ என்னும் விளையாட்டுப் பிறந்தது. பல மேசைகள், ஒவ்வொன்றிலும் விதிகள் சிறிதளவு மாறுபட்டவை, ஆனால் அது ஒருவருக்கும் தெரியாது. விதித்தாளை வாங்கிக்கொண்டு, பேசக்கூடாது என்று கட்டளையிட்டுவிடுவார்கள். வென்றவர் அடுத்த மேசைக்குப் போகவேண்டும். போனவர் தம் மேசையில் வென்ற சீட்டை இறக்குவார். இந்த மேசையில் அது தோற்கும். எதிரிலிருப்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பார்; அல்லது தமக்கே ஆடத் தெரியவில்லை என்று நினைப்பார்.

ஆறாண்டு தமிழ்ப் பள்ளியில் படித்து, கைதூக்கி விடை சொல்லிப் பாராட்டுப் பெற்ற பிள்ளை, தேசிய இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றிலோ புகுமுக வகுப்பிலோ போய் உட்கார்வது அடுத்த மேசைக்குப் போவதே. மொழி மாறுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் அதற்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்கும் முறை, ஆசிரியரிடம் பேசும் விதம், விடையை எழுதும் பாங்கு ஆகிய சொல்லப்படாத விதிகளும் கூடவே மாறுகின்றன. அவற்றுக்கு எந்தப் பாடத்தொகுதியும் இல்லை. ஆறாம் ஆண்டின் இறுதி வாரங்களில், தேர்வுப் பரபரப்பு அடங்கியபின், நான்கு மேசைகளும் நான்கு சீட்டுக்கட்டுகளும் இருந்தால் இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்து, முடிந்தபின் பிள்ளைகளைப் பேசவிடலாம். ஒவ்வொரு நிறத்திலும் சிறிய எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் எளிதாகவே இருக்கும்.