தையல் ஆறிய பிறகு

தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் எங்கள் தெரு ஆச்சி ஒருவரும் ஐந்து வருஷம் விடாமல் நடந்தார். அதற்கு முன்னால் அவருக்கு வளவிலிருந்து முகப்புக்கு வந்து சேருவதே பெரும்பாடு. 112 கிலோ எடை, சர்க்கரை, முட்டித் தேய்மானம். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு ஒன்றரை வருஷத்தில் 40 கிலோ இறங்கினார். சர்க்கரை மாத்திரையும் நின்றது. ஆறாவது நடையின்போது, சிங்கம்புணரி தாண்டி இரவு தங்கிய இடத்தில் கால் கழுவ உட்கார்ந்தவர் வலது பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்தார். ரத்தம் காய்ந்து கருத்துப்போயிருந்தது. எந்த ஊரில் குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லை.

பழைய சர்க்கரைதான் காலைப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். சோதித்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி ஒழுங்காகவே இருந்தது. பிறகு பார்த்த மருத்துவர் ஒருவர்தான் கேட்டார்: "பி12 கடைசியா எப்பப் பாத்தீங்க ஆச்சி?" ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

எடைக்குறைப்பு அறுவையை நான் எதிர்க்கவில்லை. அவர் நடந்த ஐந்து நடையும் அந்த அறுவை கொடுத்தது. வாயைக் கட்ட முடியாத சோம்பேறிகளின் குறுக்குவழி என்று இதைப் பேசுகிறவர்களுக்கு உடற்பருமன் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பேன். ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களையும் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007ல் அது காட்டியது. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வரத் தொடங்குகிறது. குடலின் ஹார்மோன்கள் மாறுவது அதற்கு ஒரு காரணம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது குறைகிறது, முட்டிகளின் சுமை இறங்குகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையினர் அல்லது பருமனானவர்கள். இவர்களில் மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படும். அந்தச் சிலருக்கு அதற்கு ஈடான வேறு சிகிச்சை நெடுங்காலம் இருக்கவில்லை.

என் குறை, வெற்றியை அளக்கும் கோலைப் பற்றியது. முன்னும் பின்னுமாக இரண்டு படம், இறங்கிய கிலோ, ஓராண்டு முடிவு. இவ்வளவோடு கணக்கு முடிகிறது. பர்மாவரை கடை போட்டு ஐந்தொகை எடுத்த ஊர் இது. வரவை மட்டும் எழுதி ஏட்டை மூடும் கணக்கப்பிள்ளையை இங்கே ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

பற்று எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் உணவுக்கு விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். சாப்பாடு இனி அந்த வழியாகப் போவதே இல்லை. பி12 கதை வேறு. அது உறிஞ்சப்படும் சிறுகுடலின் கடைசிப் பகுதியை யாரும் தொடவில்லை. ஆனால் இரைப்பையின் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டால்தான் அங்கே அது உள்ளே போகும். பைபாஸில் சாப்பாடு அந்தச் சுவரைத் தொடுவதில்லை. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கு வெட்டி எடுக்கப்படுவதால் அந்தச் சுவரே சுருங்கிவிடுகிறது. "எனக்குக் குடலைத் தொடலை, ஸ்லீவ்தான், வைட்டமின் எதுக்கு?" என்று கேட்பவர்கள் பலர். அவர்களுக்கும் வேண்டும்.

இந்தக் குறைகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை, ஏமாற்றம் அங்கேதான். தயமின் என்னும் பி1 இரண்டு மூன்று வாரத்துக்குமேல் உடம்பில் தங்காது. பி12 கல்லீரலில் சில வருஷத்துக்குக் கையிருப்பாக இருக்கும். ஆகவே முதல் வருஷச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது என்பது, பழைய இருப்பைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்பதாகவும் இருக்கலாம். இருப்பு தீரும் நேரத்தில் நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தியிருப்பார். எடை இறங்கிவிட்டது, தையல் ஆறிவிட்டது, இனி எதற்கு மதுரைக்கும் திருச்சிக்கும் அலைவது?

தயமினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ப் பழக்கத்தோடு நேராக மோதுகிறது. அறுவை முடிந்த முதல் மாதங்களில் சிலருக்கு வாந்தி நிற்காது. நம் ஊரில் வாந்தி என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கம். தயமின் வற்றிய உடம்பில் முதலில் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் தயமினும் அதைச் செரிப்பதில் தீர்ந்துபோகும். கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சிலருக்கு அது முழுதாக மீள்வதில்லை. குளுக்கோஸுக்கு முன் ஒரு தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். விலை மலிவு. ஆனால் வந்திருப்பவர் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர் என்று அந்தக் கிளினிக்குக்கு யார் சொல்வது?

உறிஞ்சுதலைக் குறைத்தால் எடை குறையும் என்ற யோசனைக்கு வயதாகிவிட்டது. 1954ல் மினசோட்டாவில் க்ரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி ஓர் அறுவையை விவரித்தார்கள். எடை நன்றாகவே இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கல்லும், கல்லீரல் செயலிழப்பும் வந்து, சுமார் கால் நூற்றாண்டுக்குள் அது கைவிடப்பட்டது. 1966ல் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிய இரைப்பை பைபாஸ் இதைவிட மிதமானது, அதனால் நிலைத்தது. 1997ல் ராபர்ட் ரட்லெட்ஜ் கொண்டுவந்த ஒற்றை இணைப்பு பைபாஸ் இன்று இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுகிறது. எத்தனை சென்டிமீட்டர் குடலை ஒதுக்குவது என்பதில்தான் அதன் சூட்சுமம். 200 ஒதுக்கினால் 150 ஒதுக்குவதைவிடப் புரதக் குறைவுக்கான அபாயம் கூடும். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆச்சியின் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் இல்லை. "மல்டிவைட்டமின் – தினம் 1" என்று இருந்தது. எதுவரை என்றும் இல்லை. நாலாம் மாதம் அட்டை தீர்ந்ததும் அவர் நிறுத்திவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். அறுவைக்குப் பிறகு நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொது வழிகாட்டல். ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் தேறும், ஒரு முட்டையில் 6. ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லிக்குமேல் இறங்காத வயிற்றுக்கு இந்தக் கணக்கு எளிதல்ல. முதல் வாயிலேயே பருப்போ முட்டையோ மீனோ போக வேண்டும், சோறு கடைசியில். நம் பந்தி முறை இதற்கு நேர் எதிர். விருந்து இனிப்பில் தொடங்கிச் சோற்றில் நிற்கிறது. பைபாஸ் வயிற்றில் கவுனி அரிசியோ கும்மாயமோ நாலு வாய் கூடுதலாகப் போனால், அரைமணிக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுத்தே ஆகவேண்டும். இதற்குப் பயந்து பந்தியையே தவிர்க்கும் பெண்களை நான் அறிவேன். கல்யாணங்களால் ஆன ஊரில் அது ஒருவகை ஒதுக்கம்தான்.

மாத்திரையிலும் நுணுக்கம் உண்டு. அமிலம் குறைந்த வயிற்றில் கால்சியம் கார்பனேட் சரியாகக் கரையாது, கால்சியம் சிட்ரேட் வேண்டும். ஆச்சிக்கு மருந்துக்கடையில் கிடைத்தது கார்பனேட். இரண்டும் கால்சியம்தானே என்றார் கடைக்காரர், நல்ல மனிதர், தெரியாமல் சொன்னார். இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயோடும் கூடாது. ஆச்சி இரண்டையும் ஒன்றாகப் போட்டு, காலைக் காபியில் விழுங்கிக்கொண்டிருந்தார். முட்டி வலித்தால் ஒரு டைக்ளோஃபினாக். பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கக் கூடிய மாத்திரை அது.

இங்கே அரசு மருத்துவத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருமனும் சோகையும் ஒரே உடம்பில் இருக்கும் மாநிலம் இது. பல பெண்கள் அறுவை மேசைக்கே இரும்புக் குறைவோடுதான் போகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய உதவிதான். ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை தேறியதுபோல் காட்டும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது.

கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் நெருக்கமானது. எடை இறங்கியதும் நின்றிருந்த மாதவிலக்கு திரும்பி, எதிர்பாராமல் கருத்தரிப்பவர்கள் உண்டு. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதிப்பது தமிழ்நாடு முன்னோடியாகக் கொண்டுவந்த நல்ல ஏற்பாடு. மருத்துவர் வி. சேஷையா போன்றவர்கள் அதற்காக உழைத்தார்கள். ஆனால் பைபாஸ் செய்த பெண்ணுக்கு அந்த டம்ளர் மயக்கத்தையும் படபடப்பையும் கொண்டுவரலாம், கிடைக்கும் அளவும் நம்பகமில்லை. வீட்டில் சில நாள் விரல்நுனிச் சோதனை செய்வதே அவருக்கு ஏற்றது. கர்ப்பிணிப் பதிவேட்டில் "எடைக்குறைப்பு அறுவை உண்டா?" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குப் போன 26 வயது புதுச்சேரி இளைஞர் இறந்தபோது மாநிலமே பேசியது, அரசு விசாரித்தது. விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சு அறுவை அரங்கத்தின் வாசலோடு நின்றுவிட்டது. காப்பீட்டின் கதையும் இதுதான். உடல் எடைக் குறியீடு 40 இருந்தால், அல்லது 35உடன் கடுமையான துணைநோய் இருந்தால், உடற்பருமன் அறுவைச் செலவைப் பொதுவிலக்கில் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் விதி செய்தது. அறுவைக்கு வழி பிறந்தது. அடுத்த முப்பது வருஷத்து மாத்திரையும் ஆண்டுச் சோதனையும் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையிலிருந்துதான்.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது. அதே பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கான மாத்திரையும் வரலாம். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி, அல்புமின் பார்க்க இவர்கள் மாவட்டம் தாண்டத் தேவையில்லை. அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் தமிழில் ஒரே ஒரு தாள் கொடுக்கட்டும்: என்ன அறுவை, எத்தனை சென்டிமீட்டர், எந்த மாத்திரை ஆயுளுக்கும், எந்த வலி மாத்திரை கூடவே கூடாது, வாந்தி நிற்காவிட்டால் குளுக்கோஸுக்கு முன் என்ன. அதைத் தர முடியாத இடத்தில் கத்தி எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆச்சிக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. "எத்தனை வருஷத்துக்குத் தம்பி?" என்று நர்ஸைக் கேட்டார். "ஆயுசுக்கும் ஆச்சி." அந்தப் பதிலை அறுவைக்கு முன்னால் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் பாதத்தில் உணர்வு திரும்பியது, இரண்டு பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. இந்தத் தைப்பூசத்துக்குக் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு குன்றக்குடி வரை நடந்தார். அங்கே காவடிகளை வழியனுப்பிவிட்டு, பஸ்ஸில் காரைக்குடி திரும்பினார்.