ஜன்னல் அடைத்த பெட்டிகள்

ரயில் பெட்டிக்கும் பணி ஓய்வு உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த பழைய நீலப் பெட்டிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் பொதுவாக 25 ஆண்டு. நல்ல உடல்வாகு இருந்தால், அதற்கு முன்பே வேலை மாறிவிடும்: ஆள் ஏற்றியது போதும், இனி கார் ஏற்று என்று சரக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெட்டியை உருமாற்றும் இந்த மாதிரி அறுவை சிகிச்சையெல்லாம் பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் திருச்சிக்கு வந்த பணிமனை அது. 2020இல் கொரோனா வந்தபோது, பழைய பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றும் வேலையையும் செய்தது.

கார் ஏற்றும் பெட்டியை அருகில் போய்ப் பாருங்கள். இருக்கை, மின்விசிறி, கழிப்பறை எதுவும் இருக்காது. ஜன்னல்களின் மேல் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். சட்டத்தின் வடிவம் மட்டும் தழும்பாகத் தெரியும். பெட்டியின் முனைச் சுவரிலேயே அகலக் கதவு. அதன் வழியே கார்கள் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குள் ஓட்டிச் செல்லப்படும். ஒரு காலத்தில் நாம் டிபன் பாக்ஸோடு நடந்த அதே தடம்!

ஓய்வுபெற்ற பெட்டிக்கு வேறு வேலையும் உண்டு: சென்னை உட்படச் சில ஊர்களில் பழைய பெட்டிக்குள் உணவகம் வைத்திருக்கிறார்கள். ஏ.சி., அலங்கார விளக்கு எல்லாம் சரிதான். நகராத பெட்டியில் தின்னும் தோசை எனக்கு ருசிப்பதில்லை. என் ஓட்டு கார் சுமக்கும் கிழவனுக்கே. 2018இல் ஐ.சி.எஃப். பழைய நீலப் பெட்டி ரகத்தைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஸ்ரீரங்கம் நடைமேடையில் நிற்கும்போது நீலப் பெட்டி வந்தால், ஏறுவதற்கு முன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.