கூட்டினால் பதினேழு

ஒரு தாளை மூன்று முறை மடித்து, வெட்டாமலே, ஓரங்களைத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை பென்சிலால் எண் போடுங்கள். பிறகு விரியுங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு, நாலுக்குப் பக்கத்தில் பதின்மூன்று. மேல்வரிசையில் ஐந்தும் பன்னிரண்டும், ஒன்பதும் எட்டும் தலைகீழாக நிற்கும். எல்லாம் குலைந்தது போலிருக்கும். முதுகோடு முதுகு ஒட்டிய எந்த ஜோடியை வேண்டுமானாலும் கூட்டிப் பாருங்கள்: பதினேழு.

அச்சகத்தில் இந்தப் பதினாறு பக்கத்துக்குப் பாரம் என்று பெயர். புத்தகத்தை அங்கே பக்கத்தால் அளப்பதில்லை, “பத்து பாரம் வரும்” என்பார்கள். 15க்கு 20 அங்குலக் கிரவுன் தாள் மூன்று மடிப்பில் 5க்கு 7½ ஆகிறது. உள்ளங்கைக்கு இதமான கிரவுன் சைஸ் அப்படி வந்ததுதான். ஈய எழுத்துக் காலத்துப் புத்தகம் கிடைத்தால் 17, 33ஆம் பக்கங்களின் அடியைப் பாருங்கள். பலவற்றில் பொடி எழுத்தில் 2, 3 என்றிருக்கும். வாசகருக்கானதல்ல அது, பாரங்களை அடுக்கித் தைக்கிற பைண்டருக்கு அச்சுக்கோப்பவர் விட்ட சேதி.

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். அதைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணி செய்தது தாமிரபரணி கடலைத் தொடும் புன்னைக்காயலில். 1920இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பிறந்ததும் இதே ஆற்றங்கரைத் திருநெல்வேலியில். பாரம் என்கிற சொல்லுக்கு இந்த ஆற்றங்கரை புதிதல்ல.

பக்கங்களை அடுக்குகிற அந்தக் கணக்கை இன்று கணினி போட்டுவிடுகிறது. தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவாலயங்களான நவகைலாயம் போகிற எங்கள் குடும்பத்தாருக்காக நான் 32 பக்கக் கையேடு ஒன்று செய்தேன். எட்டு ஏ4 தாள். பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையில் முதல் பிரதி வந்ததும் அங்கிருந்த தம்பி புரட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, நீளவாக்குலல்லா திருப்பக் குடுத்திருக்கிய” என்றான். பின்பக்கமெல்லாம் தலைகீழ். குறுகிய ஓரமாகத் திருப்பச் சொன்னதும் சரியாயிற்று.

தாளைச் சேமிக்க ஒரு முகத்தில் நாலு பக்கம் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. ஏ4 தாளில் இரண்டு பக்கம் என்றால் எழுத்து நூற்றுக்கு 71 ஆகச் சுருங்கும், கண் தாங்கும். நாலு என்றால் பாதி. 12 பாயின்ட் 6 ஆகிவிடும். தமிழ் எழுத்துக்கு உயிர் புள்ளியிலும் சுழியிலும் இருக்கிறது. அந்த அளவில் ஜெராக்ஸ் எடுத்தால் முதலில் போவது புள்ளி. ‘கண்’ ‘கண’ ஆகும். அடுத்து ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

இன்னொரு நுட்பம் மடித்த பிறகே தெரியும். எட்டுத் தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் நடுத்தாள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டும். ஓரத்தை வெட்டும்போது அதன் வெளி மார்ஜின் அவ்வளவு குறையும். கைதேர்ந்தவர்கள் உள்தாள்களின் எழுத்தை முன்கூட்டியே முதுகுப் பக்கமாக இம்மி இம்மியாக நகர்த்தி வைப்பார்கள். ஒழுங்கான ஓரத்தைப் பார்க்கிறவருக்கு அந்த நகர்வு தெரியாது.

இப்படி மடித்த கையேட்டில், எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள் ஒரே தாளின் ஒரே முகத்தில் அமைவது நடுவில் மட்டும்தான். என்னுடையதில் 16, 17. ஆற்றின் வரைபடத்தை அங்கே வைத்தேன். இடது ஓரத்தில் பாபநாசம், வலது ஓரத்தில் சேர்ந்தபூமங்கலம். தம்பி ஸ்கேலால் மடிப்பை நீவி, மேலும் கீழும் பின் அடித்துக் கொடுத்தான். விரித்துப் பார்த்தேன். குறுக்குத்துறைப் பக்கம் மடிப்பைக் கடக்கிற ஆறு, கோடு பிசகாமல் கிழக்கே போயிற்று.