அப்டேட்டை நிறுத்தி வாங்கும் உறுதி

பசறை டவுனில் நல்ல கொம்பியூட்டர் எது என்று கேட்டால், ஹேங் ஆகாதது என்பார்கள். எனக்கு அந்த அளவுகோல் போதாது. மழைக்காலத்தில் மரமொன்று கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். ஈ.பி.எஃப். படிவம் பாதியில் நிற்க, அரைநாள் பேரை விட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்த அம்மா, கொமினிகேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். கரண்ட் வந்ததும் மெஷின் ஒழுங்காக எழும்புமா, அடுத்த வருடமும் அதை நம்பலாமா? வேலைக்கு வேண்டிய உறுதி அதுதான்.

கரண்ட் விஷயத்தில் விண்டோஸும் லினக்ஸும் ஏறக்குறைய சமம். இரண்டுமே டிஸ்கில் கோப்பமைப்பை மாற்றுமுன் அந்த மாற்றத்தைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. திடீரென அணைந்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். சேவ் பண்ணாத பக்கம் போனது போனதுதான். அதற்கு யூ.பி.எஸ். வேண்டும்.

வித்தியாசம் நாள் போகப் போகத்தான் தெரியும். திருட்டு விண்டோஸைப் போட்டு அப்டேட்டை நிறுத்திவிடுவது இங்கே பழகிப்போன வழி. அதிலும் நியாயம் இருக்கிறது. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரை 30 வீதத்தில் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அப்டேட்டுக்குப் பயப்படுவது அறியாமை அல்ல.

ஆனாலும் அப்டேட் இல்லாததால் வரும் சேதம் அதைவிடப் பெரிது. 2023இல் நமது இலங்கை அரசின் மேகக்கணிமைச் சேவையில் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. பாதிக்கப்பட்டவை சுமார் 5,000 முகவரிகள். அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. நிதியில்லாமல் புதுப்பிப்பது தள்ளிப்போயிருந்தது. அது இயங்குதளம் அல்ல, மின்னஞ்சல் மென்பொருள்தான். ஆனால் நம் கடைகளில் இருக்கும் நோயும் அதேதான்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய மெஷின்கள் பலவற்றில் இல்லை. அவற்றிலேயே லினக்ஸ் மின்ட் ஓடும், காசு கேட்காது, கடை சாத்தும் நேரத்தில் அப்டேட் போட்டுக்கொள்ளலாம். அதன் குறை வேறிடத்தில். வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளை லிப்ரே ஒஃபிஸில் திறந்தேன். எழுத்து சரியாகத்தான் வந்தது. ஆனால் அட்டவணையின் கோடு இறங்கி, பதினான்காம் வினா அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. காலையில் பரீட்சை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியரிடம் சுதந்திர மென்பொருளின் பெருமையைப் பேச முடியாது. மெஷின் மக்கர் பண்ணினால் லினக்ஸ் தெரிந்த ஆளை ஊருக்குள் தேடுவதும் கஷ்டம்.

அதனால் முழுவதும் ஒரே பக்கம் சாய நான் சொல்லமாட்டேன். படிவம், பிரிண்ட், இணையம் எல்லாவற்றுக்கும் மின்ட் போதும். வினாத்தாள் அடிக்கும் ஒரே மெஷினில் விண்டோஸ் இருக்கட்டும், இணைய வயர் இல்லாமல். பென்டிரைவோடு வருகிறவர்களின் கோப்பை முதலில் மின்டில் திறந்து பார்த்த பிறகே அந்த மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும்.