பத்து ஆட்டத்தில் ஒரு பையன்

2016 அக்டோபர் 12 அன்று ஒட்டாவாவில், டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆஸ்டன் மேத்யூஸ் தன் முதல் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். வயது 19. அந்த லீக்கின் நவீன வரலாற்றில் முதல் ஆட்டத்திலேயே நான்கு அடித்தவர் அதற்கு முன் இல்லை. ஆனால் ஜெயித்தது என்னவோ ஒட்டாவாதான், கூடுதல் நேரத்தில், 5-4 என்று. அந்த ஐந்தாவது கோலை அடித்தவர், மேத்யூஸ் விடாமல் ஒட்டி நிற்க வேண்டிய ஆள். அது தன் தவறுதான் என்று ஆட்டம் முடிந்ததும் மேத்யூஸே சொன்னார்.

டொரொன்டோ நான்கைத்தான் எண்ணியது. அதே மாதக் கடைசியில் கோல் வறட்சி தொடங்கியது. 13 ஆட்டம் தொடர்ந்து ஒன்றும் விழவில்லை. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 40 கோல் இருந்தன. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் கிடைத்தது. அக்டோபர் கொண்டாட்டமும் நவம்பர் பதற்றமும் ஒரே பையனைப் பற்றியவை. புதிதாக வந்தவரை முதல் சில ஆட்டங்களில் எடைபோட்டுவிடும் இந்தப் பழக்கம் வட அமெரிக்க ஹாக்கி ரசிகர்களிடம் ஊறிப்போனது. வெட்டி அரட்டை என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதில் கூர்ந்த கண்ணும் அசல் உழைப்பும் இருக்கின்றன. கெடுவது வேறோர் இடத்தில்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் 18 வயதுப் பையன்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. பட்டியலில் அடியில் கிடக்கும் அணிகளுக்கே முதல் பெயரை அழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே முதலாவதாக அழைக்கப்படும் பையன் பெரும்பாலும் தோற்றுத் தோற்றுச் சலித்த ஓர் ஊருக்குப் போய்ச் சேர்கிறான். போதாக்குறைக்கு ஒப்பந்த விதியே ஒரு கெடு வைத்திருக்கிறது. 18, 19 வயதுக்காரர் ஒரு பருவத்தில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவருடைய முதல் ஒப்பந்தம் ஓடத் தொடங்காது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் இறங்கிவிட்டால் ஓர் ஆண்டு கழிந்தது கழிந்ததுதான். அதனால் ஒன்பது ஆட்டம் முடிந்ததும் வைத்துக்கொள்வதா, பழைய ஜூனியர் அணிக்குத் திருப்பி அனுப்புவதா என்று கிளப்பே தீர்மானிக்க உட்காருகிறது. கிளப்புக்கு இல்லாத பொறுமையை ரசிகரிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது.

இந்தப் பழக்கத்தை அதன் முழு உருவத்தில் பார்க்க மொன்ட்ரியாலுக்குத்தான் போக வேண்டும். கனேடியன்ஸ் அணி 24 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றிருக்கிறது. கடைசியாக வென்றது 1993-இல். 2022 டிராஃப்ட் அந்த அணியின் சொந்த அரங்கான பெல் சென்டரில் நடந்தது. முதல் அழைப்பும் அவர்களுக்கே. ஷேன் ரைட் என்ற ஒன்டாரியோப் பையனின் பெயரை ஊர் பல மாதங்களாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது. கிளப் அழைத்ததோ யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை. ஸ்லோவாக்கியாக்காரர், ஆறடி மூன்றங்குல உயரம். ரைட் நான்காவதாக சியாட்டில் அணிக்குப் போனார். அவர் மேடையில் இருந்தபோது மொன்ட்ரியால் மேசையை முறைத்தாரா இல்லையா என்பதே சில நாளைக்கு ஹாக்கி உலகத்தின் தலையாய பிரச்சினையாக இருந்தது!

முதல் பருவத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 39 ஆட்டம் ஆடினார். 4 கோல், 6 அசிஸ்ட் (பிறர் கோலுக்கு வழிசெய்த பாஸ்). ஜனவரியில் முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது. அந்த 39 ஆட்டங்களில் ரசிகர்கள் கண்ட குறைகளைப் பாருங்கள். பக் எனும் வட்டைத் தள்ளிக்கொண்டு வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறார், அதனால் எதிராளியின் மோதலை முழு வேகத்தில் வாங்குகிறார். கோலை நோக்கி அடிக்க வேண்டிய இடத்தில் பாஸ் தேடுகிறார். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பலகையோரச் சண்டையில் ஒதுங்குகிறார். இவை எல்லாமே உண்மை. 82 ஆட்டமும் ஒரே அணியைப் பார்க்கிற ரசிகருக்கு இப்படிப்பட்ட விஷயம் தப்பாது. ஊர் ஊராகப் போய் ஆளுக்கு இரண்டு ஆட்டம் பார்த்துக் குறிப்பெழுதும் தேர்வாளருக்குக்கூட இந்தத் தொடர்ச்சி வாய்க்காது.

ஆனால் அங்கேயே ரசிகர்கள் நிற்கவில்லை. தலை குனிகிறது என்பதிலிருந்து தேர்வே தப்பு என்பதற்கு ஒரே தாவலாகத் தாவினார்கள். லாவாலில் உள்ள இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பு என்றார்கள், ரைட்டை எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். 2022 டிசம்பரில் ரைட் தன் முதல் என்.எச்.எல். கோலை அடித்ததும் மொன்ட்ரியாலுக்கு எதிராகவே அமைந்தது, கேட்கவா வேண்டும்? அந்தப் பருவம் முழுவதிலும் ரைட் சியாட்டிலுக்காக ஆடியது எட்டே ஆட்டம் என்பது அந்த வாதத்தில் எடுபடவில்லை.

இந்த வழக்கு உண்மையில் யார் மீது? பொது மேலாளர் கென்ட் ஹியூஸ் மீது. எந்தப் பெயரை அழைப்பது என்று தீர்மானித்தது அவரும் அவருடைய தேர்வாளர்களும். அவர்கள் செய்தது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மேலாளர் பனியில் இறங்குவதில்லை, அவருக்குக் கோல் கணக்கும் இல்லை. ஆகவே வழக்கு அவர்மீது, கூண்டில் பையன். முதல் சில ஆட்டங்களை எடைபோடும் பழக்கத்தில் நான் காணும் பெரிய கோளாறு இதுதான். 18 வயதுக்காரர் தன் ஆட்டத்துக்காக அளக்கப்படுவதில்லை; தனக்கு முன்னும் பின்னும் அழைக்கப்பட்ட பெயர்களை வைத்து அளக்கப்படுகிறார். இரண்டாம் சுற்றில் 62-ஆவதாக வந்த லேன் ஹட்சனுக்கு அதே மொன்ட்ரியாலில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. உயரம் குறைவு என்று பல கிளப்புகள் தாண்டிப்போன டிஃபென்ஸ்காரர் அவர். எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே ஒரு பக்கம் சாய்ந்து காட்டி மறுபக்கம் நழுவும் அவருடைய வித்தையை ரசிகர்கள் ரசித்து ரசித்து அலசினார்கள். 2024-25-இல் கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து 66 புள்ளி எடுத்துக் கால்டர் கோப்பையை வென்றார். அவருடைய தவறுகளையும் அதே ரசிகர்கள் பார்த்தார்கள்தான். அவற்றை யாருடைய தலையிலும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் இரண்டாம் பருவம் மெதுவாகத்தான் தொடங்கியது. பிறகு நிக் சுசுகி, கோல் காஃபீல்டு இருவரோடும் ஒரே வரிசையில் நிலைத்தார். 82 ஆட்டம், 20 கோல், 50 புள்ளி. குறை கண்டவர்கள் கண்ட குறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதாவது நோயைச் சரியாகச் சொன்னார்கள்; பிழைக்க மாட்டான் என்று சொன்னதுதான் பொய்த்தது.

எண்களைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் இந்த விளையாட்டில் ரசிகர்கள் வெறும் பார்வையாளர்களாக இருந்துவிடவில்லை. ஓர் ஆட்டக்காரர் பனியில் இருக்கும்போது இரு பக்கமும் அடிக்கப்பட்ட எல்லா அடிகளையும், தடுக்கப்பட்டவை, குறிதவறியவை உட்பட, எண்ணிக் கழிக்கும் கணக்குக்குக் கோர்சி என்று பெயர். அந்தப் பெயர் வந்தபோது ஜிம் கோர்சி பஃபலோ அணியின் கோல்காப்புப் பயிற்சியாளர். ஆனால் அந்தக் கணக்கைப் பரப்பி இந்தப் பெயரைச் சூட்டியவர் ஓர் எட்மன்டன் ரசிகர். கோர்சியின் மீசை பிடித்துப்போனது பெயர் வைத்ததற்கு ஒரு காரணம் என்பார்கள். எரிக் டல்ஸ்கி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பிலடெல்ஃபியா அணியின் ரசிகராக எழுதத் தொடங்கியவர். அவரும் நண்பர்களும் ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து, எதிரணியின் நீலக்கோட்டைப் பக்கோடு தாண்டுவதற்கும் பக்கை வீசிவிட்டுத் துரத்துவதற்கும் உள்ள பலன் வித்தியாசத்தைக் கையாலேயே குறித்தார்கள். தாண்டி நுழைந்தால் கிடைக்கும் அடிகள் இரு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. 2014-இல் கிளப்புகள் இத்தகைய ரசிகர்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கின. டல்ஸ்கி 2024-இல் கரோலைனா அணியின் பொது மேலாளரே ஆனார்.

புதுமுகத்தை அளப்பதில் இந்தக் கணக்கு எவ்வளவு உதவும்? அதிர்ஷ்டத்தைக் கண்டுகொள்ள நன்றாகவே உதவும். 2012-இன் முதல் தேர்வு நெயில் யாகுபோவ். கதவடைப்பால் 48 ஆட்டமாகச் சுருங்கிய முதல் பருவத்திலேயே எட்மன்டனுக்காக 17 கோல் அடித்தார். ஊர் மகிழ்ந்தது. ஆனால் அந்த 17 கோலும் 81 அடியில் வந்தவை, அதாவது ஐந்தில் ஒன்று உள்ளே போயிருக்கிறது. என்.எச்.எல்.லில் பத்தில் ஒன்று போனாலே நல்ல கணக்கு. அடுத்த பருவத்தில் 63 ஆட்டத்தில் 11 கோல். அதன் பின் ஒரு பருவத்திலும் 17-ஐ எட்டவில்லை. 350 ஆட்டத்தோடு அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தது. அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்கு முதல் பருவத்திலேயே சந்தேகம் வர இடம் இருந்தது. மேத்யூஸ் கதை இதற்கு நேர் எதிர். வறண்ட 13 ஆட்டத்திலும் அவர் அடிப்பதை நிறுத்தவில்லை, கோல்தான் வரவில்லை.

எண்ணுக்கும் எட்டாதது சூழல். புதுமுகத்துக்குப் பல அணிகளில் பனியில் 12 நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் பக் அவர் மட்டையில் இருப்பது ஒரு நிமிட அளவுதான். மீதி நேரத்தில் அவர் எங்கே நின்றார், எப்போது திரும்பினார் என்பதைத் தொலைக்காட்சி காட்டாது. கேமரா பக்கின் பின்னாலேயே ஓடும். சொந்த அரங்கில் ஆட்களைக் கடைசியாக மாற்றும் உரிமை உள்ளூர்ப் பயிற்சியாளருக்கு உண்டு. எதிரணியின் முரட்டு டிஃபென்ஸ் ஜோடியிடமிருந்து பையனை மறைத்து ஆட வைக்கலாம். வெளியூரில் அந்த வசதி இல்லை. எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் நிற்கிறாரா, நான்காம் வரிசையில் இரண்டு சண்டைக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாரா, நுழைவது பெரும்பாலும் எந்தப் பக்கத்து ஃபேஸ்-ஆஃபில் (பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் இடம்) என்பதையெல்லாம் கழிக்காமல் அவருடைய புள்ளிகளைப் படிப்பது வீண் வேலை. பத்து ஆட்டத்தில் இதைக் கழிக்கப் போதிய தரவும் இருக்காது. டிஃபென்ஸ்காரருக்கும் கோல்காப்பாளருக்கும் இன்னும் நீண்ட காலம் தேவை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தொழில்முறை ஆட்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. ஜோ தார்ன்டன் 1997-இன் முதல் தேர்வு. பாஸ்டனுக்காக முதல் பருவத்தில் 55 ஆட்டத்தில் 7 புள்ளி. ஓய்வு பெறும்போது 1,539. லியோன் டிரைசைட்டிலை எட்மன்டன் பத்தாவது ஆட்டத்தையும் தாண்டி வைத்துக்கொண்டு, 37 ஆட்டத்தில் 2 கோல், 7 அசிஸ்ட் என்றிருந்தபோது ஜூனியருக்கு அனுப்பியது. அனுப்பியது சரியா, அதற்கு முன் அத்தனை நாள் வைத்திருந்தது தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். 2020-இல் அவர்தான் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கினார். எனக்குப் பிடித்த உதாரணம் மார்ட்டின் செயின்ட் லூயிஸ். டிராஃப்டில் எந்தக் கிளப்பும் அழைக்காத குள்ளர். கால்கரியில் 69 ஆட்டத்தில் 4 கோல் அடித்தார், கிளப் விடுவித்துவிட்டது. நான்கே ஆண்டில், 2004-இல், டாம்பா பே அணியோடு ஸ்டான்லி கோப்பையும் ஹார்ட் கோப்பையும் அவர் கைக்கு வந்தன. 39 ஆட்டத்தில் 4 கோல் அடித்த ஸ்லாஃப்கோவ்ஸ்கியைப் பார்த்துக்கொண்டு மொன்ட்ரியால் பெஞ்சுக்குப் பின்னால் பயிற்சியாளராக நின்றவர் அவர்தான். ஊர் பதறியபோது அவர் பதறாததில் வியப்பில்லை.

பாதிப்பில்லாத பொழுதுபோக்குதானே என்று கேட்பவர்களுக்கு, கேரி பிரைஸை நினைவூட்ட வேண்டும். 2010 கோடையில் மொன்ட்ரியால் தன் மற்றொரு கோல்காப்பாளரான யாரோஸ்லாவ் ஹலாக்கை வேறோர் அணிக்கு மாற்றிவிட்டு, 22 வயது பிரைஸை வைத்துக்கொண்டது. ஹலாக் முந்தைய பிளே ஆஃபின் நாயகன், ஊருக்கு ஆத்திரம். செப்டம்பரில், கணக்கில் சேராத ஒரு முன்னோட்ட ஆட்டத்திலேயே சொந்த அரங்கில் பிரைஸுக்குக் கூச்சல் விழுந்தது. இங்கும் மாற்றியவர் மேலாளர், கூச்சல் வாங்கியவர் பையன். 2015-இல் ஹார்ட், சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா இரண்டு கோப்பைகளும் பிரைஸுக்கே போயின. பிரைஸ் தாங்கினார் என்பதால் கூச்சல் நியாயமாகிவிடாது. தாங்காதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஆகவே முதல் பத்து ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்ப்பதில் குற்றமில்லை. பையன் தலையைத் தூக்குகிறானா, கோட்டைப் பக்கோடு தாண்டுகிறானா, எத்தனை அடி அடிக்கிறான் என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பருவக் கடைசியில் அதைத் திருப்பிப் பார்ப்பது எந்தப் பண்டிதரின் அலசலையும்விடச் சுவையாக இருக்கும். தேர்வு பிடிக்கவில்லையா? தாராளமாகக் கத்துங்கள், மேலாளரின் பெயரைச் சொல்லி. பையன் தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை.