சொன்னராவின் பென்குயின்

புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த இயற்கையாளர் பியேர் சொன்னராவுக்குத் தெருவோரப் பலகை எதற்கு? நம் காட்டுக்கோழியே அவர் பெயரைச் சுமக்கிறது: காலஸ் சொன்னராட்டி. அதை அவர் இந்தியாவில் பார்த்து 1782 நூலில் எழுதினார், சரி. ஆனா 1776-இல் வந்த நியூ கினி பயணநூல்? மனுஷன் அங்கே போகவே இல்லை. மொலுக்காஸ் தீவுகளோடு சரி. இருந்தும் பென்குயின் படம் போட்டார். ஐரோப்பா நம்பியது. ஜென்டூ பென்குயினுக்கு 1781-இல் வைத்த ‘பாப்புவா’ இன்னும் அப்படியே இருக்கிறது. புரொடக்‌ஷனுக்குப் போய்விட்ட தப்பான வேரியபிள் பெயர் மாதிரி. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. அந்தக் கோழியைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் யாரும் லத்தீனில் ஏறவில்லை, பார்க்காததை எழுதியவர் ஏறிவிட்டார். எனக்கு எரிச்சல் அங்கேதான். அவருக்குப் பலகை வைத்தே தீருவதென்றால், கோழிக்குப் பக்கத்தில் அந்தப் பென்குயினையும் வரையச் சொல்வேன்.