கணக்கு முடிந்த பின் மடல்கள்: பல்கலைக்கழக மேகக்கணிமையும் வளைகுடாத் தமிழர் ஆவணங்களும்

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கருத்தோடு பேணி வைத்தார். சி.வை. தாமோதரம்பிள்ளை எழுதியவையும், பாரிசிலிருந்து ழூலியன் வின்சோன் எழுதியவையும் அவற்றுள் அடங்கும். சென்னையில் 1943-இல் நிறுவப்பெற்ற உ.வே.சா. நூல்நிலையம் அவற்றைக் காத்தது. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பாக 2018-இல் நூலுருப் பெற்றன. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோர்க்கு அவை முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.

இன்றைய தமிழ் மாணவரும் ஆய்வாளரும் எழுதும் மடல்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் வழங்கிய மின்னஞ்சல் கணக்குகளில் உள்ளன. அக்கணக்குகள் பல்கலைக்கழகத்தின் கணினிகளிலும் இல்லை. வணிக நிறுவனங்களின் தரவு மையங்களில் உள்ளன. இவ்வேற்பாட்டால் தமிழாய்வு பெற்றது எது, இழந்தது எது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. துபாய் நகரின் சத்வாப் பகுதியில் நேர்ந்த ஓர் இழப்பு இதற்குத் தூண்டுதலாயிற்று.

பெற்றவை

கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கான அஞ்சல், கோப்புத் தொகுப்பை 2006-இல் தொடங்கியபோது, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அதனை முதலில் ஏற்றவற்றுள் ஒன்று. இந்தியாவில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2012 ஏப்ரலில் மைக்ரோசாப்ட்டின் ‘லைவ் அட் எட்யூ’ சேவையைத் தேர்ந்தது. 10,000-க்கும் மேற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 75 இலட்சம் பேருக்கான திட்டமாக அது அறிவிக்கப்பட்டது.

இம்மாற்றத்தைக் குறைகூறுவோர் முந்தைய நிலையை மறத்தலாகாது. துறைக்கு ஒரு கணினி, ஆளுக்கு ஓர் எழுத்துரு என்றிருந்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கட்டுரை யாழ்ப்பாணத்தில் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் தோன்றியது. டிஸ்கி, டாப், டாம் எனப் பிரிந்த குறியேற்றங்களால் படிக்க இயலாமற்போன கோப்புகள் என்னிடமே பல உண்டு. ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுப்பணிக் கருவிகள் வந்தபின் மூன்று நாடுகளிலிருந்து மூவர் ஒரே தமிழ்ப்படியை ஒரே வேளையில் திருத்த முடிந்தது.

வளைகுடாவில் இப்பயன் இன்னும் பெரிது. அமீரகத்தில் இணையவழிக் குரலழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. 2020 மார்ச்சில், பெருந்தொற்றையொட்டி, தொலைநிலைக் கல்விக்கும் பணிக்குமாக டீம்ஸ், ஜூம் முதலிய செயலிகளுக்கு அங்கே இசைவு அளிக்கப்பட்டது. அப்போது மாணவக் கணக்கு வகுப்பறைக்கு ஈடாயிற்று.

பெயரும் முகவரியும்

கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே முதற் சிக்கல் எழுகிறது. படிவம் முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் கேட்கிறது. தமிழருள் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கந்தசாமியின் மகன் க. முருகன், கணினிக்கு ‘முருகன் கந்தசாமி’ ஆகிறான். பின் வரும் மடல்களெல்லாம் ‘அன்புள்ள திரு. கந்தசாமி’ என்று ஊரில் இருக்கும் தந்தையையே விளிக்கின்றன. இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் ஒற்றைப்பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் வருகை நுழைவிசைவில் வருவோரை ஏற்பதில்லை என அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, தமிழ்நாட்டுப் பயணியர் பலர் கலங்கினர். தந்தை பெயர் கடவுச்சீட்டின் மறுபக்கத்தில் இருந்தாற் போதும் என்ற விளக்கம் பின்னரே வந்தது.

முகவரியின் எழுத்தும் சிந்தனைக்குரியது. ‘தமிழ்ச்செல்வி’ என்னும் பெயரை உரோம எழுத்தில் நான்கைந்து வகையில் எழுதலாம். அவற்றுள் எதுவும் அவள் கையெழுத்திடும் பெயர் அன்று. பிறமொழி எழுத்துகளில் அஞ்சல் முகவரி அமைப்பதற்கான இணையத் தரம் 2012-இலேயே வகுக்கப்பட்டது. 2014-இல் ஜிமெயில் அத்தகைய முகவரிகளுடன் மடல் பரிமாறத் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் தமிழ் உள்ளிட்ட 15 இந்திய மொழிகளுக்கு அவ்வசதியை அறிவித்தது. தொழில்நுட்பம் ஆயத்தமாக இருந்தும், தமிழ்த்துறைகள் தம் மாணவர்க்குத் தமிழ் முகவரி வேண்டும் என்று கேட்டதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. கேட்காதவருள் நானும் ஒருவன்.

இலவசத்தின் எல்லை

ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது ‘இலவசம்’, ‘அளவற்ற இடம்’ என்னும் சொற்களே முன்னின்றன. அவற்றின் ஆயுள் குறுகியது. ‘லைவ் அட் எட்யூ’வின் இடத்தை எடுத்துக்கொள்ளவிருந்த ‘ஆபீஸ் 365’இன் கல்விப் பதிப்பு அதே 2012 ஜூனில் வெளியாயிற்று. கூகுள் தன் கல்வித் தொகுப்புக்கு மும்முறை பெயரிட்டது. ‘அளவற்ற இடம்’ முடிவுக்கு வருவதாகவும், நிறுவனம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் மட்டுமே அடிப்படை இடம் என்றும் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. மைக்ரோசாப்ட்டும் 2024 முதல் அத்தகைய வரம்பை விதித்தது.

வணிக நிறுவனம் தன் செலவைக் கணக்கிடுவது இயல்பு. அவ்வரம்புக்குள் அடங்கப் பல்கலைக்கழகங்கள் எதனைக் களைந்தன என்பதே நம் கவலை. பயின்று சென்ற மாணவரின் கணக்குகளைக் களைவதே எளிய வழி. கணக்கின் உரிமையாளர் நீக்கப்பட்டால், அவர் பிறரோடு பகிர்ந்த கோப்புகளும், வேறொருவர் பெயருக்கு மாற்றப்படாவிடின், சில வாரங்களில் அழிந்துவிடும்.

சத்வாவில் ஓர் இழப்பு

சத்வா, துபாயின் பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. தையற்கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்த அதன் தெருக்களில் தெற்காசியரும் பிலிப்பினோக்களும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். 2008-இல் ‘ஜுமைரா கார்டன் சிட்டி’ என்னும் பெருந்திட்டத்துக்காக அங்கிருந்த தாழ்ந்த வீடுகள் பல இடிக்கப்பட்டன.

அப்பகுதித் தையற்காரர் ஒருவரின் மகன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்ட ஆய்வுக்காக, 1980-களில் தமிழ்த் தொழிலாளர் ஊருக்குப் பேசி அனுப்பிய கேசட்டுகளையும் ஊரிலிருந்து வந்தவற்றையும் தேடினார். எழுத்தறியாத தாய்க்கும் மனைவிக்கும் கேசட்டே கடிதமாக இருந்த காலம் அது. அவர் 31 கேசட்டுகளை எண்மப்படுத்தித் தம் மாணவக் கணக்கில் ஏற்றினார். பேச்சுத்தமிழை எழுத்தில் பெயர்க்கும் பணியில் நானும் அதே கோப்பில் அவருடன் ஈடுபட்டேன். இராமநாதபுரத்துப் பேச்சில் அரபுச் சொற்கள் எங்கெங்கே கலந்தன என்பதை அக்குரல்கள் காட்டின.

அவர் பட்டம் பெற்றுச் சில திங்களில் கணக்கு மூடப்பட்டது. முன்னறிவிப்பு அதே முகவரிக்குத்தான் வந்திருந்தது. வேலைக்குச் சென்றுவிட்ட அவர் அதனைப் பார்க்கவில்லை. நான் இணைப்பைச் சொடுக்கியபோது கோப்பு இல்லை என்னும் செய்தி மட்டும் தோன்றியது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம், விதிப்படி நீக்கப்பட்டது என்று விடை வந்தது. கேசட்டுகளை உரியவர்களிடம் அவர் முன்பே திருப்பித் தந்திருந்தார். ‘கணினியில் ஏற்றியாயிற்றே’ என்று அவர்களுள் பெரும்பாலோர் அவற்றை வீசிவிட்டனர். எஞ்சியவை, நான் தாளில் அச்சிட்டு வைத்திருந்த 9 பக்கங்கள். படியெடுத்து வைக்குமாறு அவரிடம் சொல்லாதது மூத்த ஆய்வாளனாகிய என் தவறு.

செய்யத்தக்கவை

நிறுவனத்தை மாற்றுவது மட்டும் தீர்வாகாது. இந்திய ஒன்றிய அரசின் ஏறத்தாழ 12 இலட்சம் மின்னஞ்சல் கணக்குகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோவுக்கு மாற்றப்பட்டதாக 2025-இல் செய்தி வந்தது. அது நமக்கு மகிழ்ச்சி தரலாம். ஆயினும் கணக்கை முடிக்கும் விதியை எழுதுவது பல்கலைக்கழகமே. அவ்விதி மாறாதவரை எவருடைய தரவு மையமும் மாணவரின் மடலைக் காக்காது.

சட்டமும் ஓரளவே துணைநிற்கும். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தனியர் தரவுக் காப்புச் சட்டம், தம் தரவை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை ஏற்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. எனவே தமிழ்த்துறைகள் தாமே சிலவற்றை வலியுறுத்த வேண்டும். கணக்கு முடிவதற்கு ஓராண்டு முன்பே மாணவரின் சொந்த முகவரிக்கும் தொலைபேசிக்கும் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். களப்பணிப் பதிவுகளை ஒப்படைத்த பின்னரே பட்ட ஆய்வு நிறைவுற்றதாகக் கொள்ளப்பட வேண்டும். அவற்றை ஏற்க ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்மப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் ஆகியவற்றோடு துறைகள் உடன்பாடு காணலாம். பேசியவர்களின் இசைவையும் எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது.

முடிவுரை

மேகக்கணிமை தமிழ் மாணவர்க்கு எல்லை கடந்து எழுதும் வாய்ப்பைத் தந்தது. எழுதியதைக் காக்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை, ஏற்பதாகச் சொல்லவும் இல்லை. அப்பொறுப்பை ஏற்றதாக நாமே எண்ணிக்கொண்டோம். உ.வே.சா. கடிதங்களைச் சேர்த்து வைத்தது அஞ்சல் துறை அன்று. அவரும் அவர் வழிவந்தோரும். சத்வாவின் அந்த 9 பக்கங்களை இம்மாநாட்டு நூலகத்தில் ஒப்படைக்கிறேன்.